ஒரே வால்வுக்கு இரண்டு உத்தரவு

இப்படி ஒன்று நடக்கும் என்று மூன்று மாதத்துக்கு முன்பே நான் சொல்லியிருந்தேன். அதை என் வாக்குமூலத்தில் முதலில் எழுதிக்கொள்ளும்படி காவல் அதிகாரியைக் கேட்டுக்கொள்கிறேன். குடிநீர் நிலையத்தில் என்னை எல்லோரும் வால்வு மாமா என்று அழைப்பார்கள். வயது ஐம்பத்தெட்டு. வசிப்பது நிலையத்தை ஒட்டிய பணியாளர் குடியிருப்பு, இரண்டாம் மாடி. எட்டாம் வகுப்பு வரை பள்ளியில் படித்தேன், மிச்சத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பெரிய வால்வை முப்பது ஆண்டுகள் என் கையால் திறந்து மூடினேன். இப்போது அந்த வேலையை ஜாவாவில் எழுதிய ஒரு நிரல் செய்கிறது. எழுதியவள் என் சொந்த அக்கா மகள். நிரல் சர்வரில் ஏறியதும் அதற்குள் த்ரெட் என்று ஒன்று பிறந்து, யாரும் தொடாமலே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்; காலை ஆறு மணிக்கு வால்வை இருபது நிமிடம் திறக்கச் சொல்லி உத்தரவு அனுப்பும். இதை அவளுக்கே விளக்கியது நான்தான் என்று சொன்னாலும் பெரிய தவறில்லை.

கடந்த வெள்ளிக்கிழமை காலை வால்வு நாற்பது நிமிடம் திறந்திருந்தது. அதன்பின் கீழ்த்தெருத் தொட்டி நிரம்பி வழிந்து, புத்தகம் பைண்டு செய்பவரின் நிலவறைக் கடைக்குள் தண்ணீர் இடுப்பளவு நின்றது. கணுக்கால் அளவு என்று அவர் புகாரில் சொல்லியிருக்கிறார்; அவர் உயரமானவர். அதன்பின் மேற்பார்வையாளர், ஒரே உத்தரவு இரண்டு முறை போய், வால்வு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றியிருப்பதைப் பதிவேட்டில் காட்டி, எல்லோர் முன்னிலையிலும் அக்கா மகளைக் கேட்டார்.

"நீ கேட்ட டிரான்ஸ்ஃபர் தரலன்னு வேணும்னே ரெண்டு தடவ அனுப்பியிருக்க."

"ஆறு மணிக்கு நான் வீட்ல பல் விளக்கிட்டிருந்தேன் சார்," என்றாள். சொல்லும்போது பேனா மூடியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

அதன்பின் அவள் சர்வருக்குள் ஓடும் த்ரெட்களின் பட்டியல் முழுவதையும் எடுத்தாள். ஆயிரக்கணக்கில் பெயர்கள். வால்வு த்ரெட் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் அதே பெயரில் இரண்டு இருந்ததை முதலில் கண்டது என் கண்தான்.

"என்னம்மா, இரட்டைப் பிள்ளை மாதிரி நிக்குது?"

"பழைய நிரலோட த்ரெட் சாகாம கிடக்குதோ என்னவோ மாமா."

அதன்பின் சர்வரை அடியோடு நிறுத்தி மறுபடி ஓடவிட்டுப் பட்டியல் எடுத்தாள். மறுபடியும் இரண்டு.

"பழசு இல்ல மாமா. கிளம்பும்போதே ரெண்டா பிறக்குது. நிரலே ரெண்டு எடத்துல இருக்கு."

அதன்பின் நிரல் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தாள். நிரலுக்குப் பக்கத்திலேயே அதன் நகல் ஒன்று இருந்தது. அந்த ஃபோல்டரில் நிரல் என்று எதைப் போட்டாலும் சர்வர் ஓடவிட்டுவிடும். ஆகவே நகலும் தன் பங்குக்கு ஒரு த்ரெட்டைப் பெற்றுவிட்டது. நகல் எடுக்கப்பட்டது வியாழன் மதியம் ஒன்று பத்துக்கு, அவளுடைய லாகினில். அப்போது அவள் சாப்பிடப் போயிருந்தாள். நீலச் சட்டை போட்ட, முறுக்கு மீசை வைத்த அந்நியர் ஒருவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் கண்டேன். "யாருய்யா நீ?" என்று ஒரே அதட்டு, ஆள் மாயமாகிவிட்டார்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டிய அதிகாரி, அன்று குடிநீர் நிலைய வாசல் கேமராவில் வெளியாள் யாரும் இல்லை என்றும், அப்படியானால் லாகினுக்கு உரியவள் மீதே வழக்கு போகும் என்றும் சொன்னார். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கதவு வழியாகத் தெரிந்தது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் டீ வாங்கிவந்து கொடுத்தாள்.

ஆகவே சொல்கிறேன். நீலச் சட்டைக்காரர் என்று ஒருவர் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தது நான். போன வருடம் டிஸ்க் போய் ஆறு மாத வேலை அழிந்தபோது அவள் அழுததைப் பார்த்தவன் நான். இனி அப்படி ஆகக் கூடாது என்று, திறந்திருந்த திரையில் ஒரு நகல் எடுத்து, தேடினால் உடனே கிடைக்கட்டும் என்று அசலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அவளிடம் சொல்ல மறந்தேன். நினைவு வந்தபோது சொல்லப் பயந்தேன். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. மேலே எழுதியதிலிருந்து அந்த ஆளையும் அவர் மீசையையும் அடித்துவிட்டால், மீதி நடந்ததுதான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வால்வு மாமா