திம்மராயனின் வக்கீல்

மத்திகிரியிலிருந்து நீதிமன்றத்துக்கு நான் டவுன் பஸ்ஸில்தான் வருவேன். கார் இருக்கிறது. காரில் வந்தால் கட்சிக்காரர்கள் கூடவே ஏறிக்கொள்வார்கள். பஸ்ஸில் யாரும் வழக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்தத் தொழிலில் பெரிய தொல்லை கட்சிக்காரர்களின் பேச்சுதான், மேடம். வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதிப் பேர் இன்று வெளியே இருப்பார்கள். மௌனமாக இருப்பது சட்டம் கொடுத்த உரிமை. கையில் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

காவல் அதிகாரியிடம் சொல்லும் ஒப்புதல் சாட்சியமாகாது. நீங்கள் இன்ஸ்பெக்டர், உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே நாம் நிதானமாகப் பேசலாம்.

சரோஜம்மாள் மனு கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். தன் கணவர் திம்மராயன் குற்றம் செய்யவில்லை என்கிறார். அவர் சொல்வது உண்மை.

சானமாவுக் காட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பத்திரம் என் மனைவி பவுலினா பெயரில். திம்மராயன் அங்கேயே குடியிருந்து, விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் செய்தார். ராகி, பீன்ஸ். காட்டுப்பன்றி வரும். மோட்டார் அறையிலிருந்து கரண்ட் கம்பி இழுத்து வரப்போரம் கட்டலாமா என்று கேட்டார். அது குற்றம் என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இருட்டும்போது சுவிட்சைப் போடுவார், விடியும்போது அணைப்பார்.

அந்த வரப்பில்தான் மாதேஸ்வரி பால் கேனோடு போவார். பக்கத்து நிலத்துக்காரர். தார்ச்சாலையில் நிற்கும் பால் வண்டிக்கு அது குறுக்குவழி. சுற்றிப் போகவும் வழி உண்டு. இங்கே நடக்கக் கூடாது என்று சொன்னேன்.

"எங்க மாமனார் காலத்துலருந்து நடக்கிற தடம் சார் இது" என்றார். "உங்க கறுப்புக் கோட்டுக்குத் தெரியாது. எங்க மாட்டைக் கேளுங்க, கண்ணை மூடிக்கினு போவும்."

களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். திம்மராயனும் சிரித்தார்.

பவுலினா பெயரில் தடையாணை கேட்டு வழக்குப் போட்டேன். வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். நீதிபதிக்கு மாறுதல். மறுபடியும் வாய்தா. இடத்தைப் பார்க்க ஒரு வக்கீல் கமிஷனரை நியமித்தார்கள். அவர் வந்தார், மாதேஸ்வரி கொடுத்த மோரைக் குடித்தார், தடம் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். சட்டம் என் பிழைப்பு. ஆனால் என் வரப்பில் ஒரு பால் கேனை நிறுத்த என்னால் முடியவில்லை. அந்த எரிச்சல் உங்களுக்குப் புரியும். நீங்களும் அதே மேசைகளுக்கு முன்னால்தான் காத்து நிற்கிறீர்கள்.

மின்வேலி வழக்குகள் அப்படி இழுபடுவதில்லை. நான் நிறைய நடத்தியிருக்கிறேன். கொலை என்றால் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். பன்றிக்குக் கட்டிய கம்பியில் யாரும் எண்ணத்தைத் தேடுவதில்லை. கடுமையான பிரிவில் தொடங்கினாலும் கடைசியில் அலட்சியத்தில் வந்து நிற்கும். பயிர் செய்கிறவர் கைதாவார். நிலத்துக்காரர் ஊரில் இல்லை என்று எழுதிக்கொள்வார்கள்.

மாதேஸ்வரி இறந்தது ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில். நான் தோட்டத்தில்தான் இருந்தேன். சனிக்கிழமை போய்த் தங்கி, பவுலினா கோயிலுக்குப் புறப்படும் முன் திரும்பிவிடுவது வழக்கம். அன்றும் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். போவதற்கு முன் திம்மராயனிடம் பேசினேன். அவர் மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நான் அணைச்சன் சார். அணைச்சிட்டுத்தான் மாட்டாண்ட போனன். ஓடியாந்து பாத்தா சுவிட்ச் மேல இருக்குது. எப்படி சார்?"

"நேத்து அணைச்சது ஞாபகம் இருக்கா?"

"இருக்குது."

"முந்தாநாள்?"

"அதுவும் இருக்குது சார்."

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்குது? இப்ப நீ சொல்றது இன்னைக்கு அணைச்சதா, நேத்து அணைச்சதா?"

அவர் தன் வலக்கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

குறுக்கு விசாரணையில் இது சாதாரண உத்தி. தினமும் செய்யும் வேலையைக் குறித்து யாருடைய ஞாபகமும் நிற்காது. அரசுத் தரப்பு சாட்சிகள் பலர் இதில் விழுந்திருக்கிறார்கள். சரோஜம்மாள் மட்டும் கணவரின் தோளைப் பிடித்து உலுக்கி, நீ அணைத்தாய், நான் பார்த்தேன் என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்சாதி சொல்வது கோர்ட்டில் எடுபடாதம்மா என்றேன். அவர் நிறுத்திக்கொண்டார்.

பிறகு திம்மராயனுக்கு நானே ஆஜரானேன். ஜாமீன் எடுத்தேன். பிரிவைக் குறைத்தேன். நல்ல வாதங்கள் இருந்தன. மின் இணைப்பு அவர் பெயரில் இல்லை. கம்பியைக் கட்டியதைப் பார்த்த சாட்சி இல்லை. சந்தேகத்தின் பலன் கிடைத்திருக்கும். அவர் சொல்ல வேண்டியது ஒரே சொல். நீதிமன்ற வராந்தாவில் வைத்துப் பழக்கினேன்.

"ஐயா கேட்டா என்ன சொல்லுவே?"

"இல்லைன்னு சொல்றன் சார்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல வாயே தொறக்க மாட்டன்."

உள்ளே மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்தார். ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா" என்றார் திம்மராயன். "அணைக்க மறந்துட்டன். எங்கூட்டுப் புள்ளைங்களுக்கு அந்தம்மா தெனமும் பால் ஊத்தும். என்னை உள்ள போட்ருங்க."

மாஜிஸ்திரேட் யோசித்துச் சொல்லும்படி அவகாசம் கொடுத்தார். யோசித்துவிட்டு அதையே சொன்னார். இப்போது சேலம் சிறையில் இருக்கிறார். எத்தனை நாள் உழைத்துத் தயாரித்த வழக்கு, மேடம். ஒரு வாதத்தைக்கூட எழுந்து நின்று சொல்ல அவர் விடவில்லை.

அந்தக் காலையைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

திம்மராயன் சுவிட்சைக் கீழே இறக்கியதை நான் மோட்டார் அறைக்கு வெளியே கட்டிலில் படுத்தபடி பார்த்தேன். அவர் மாட்டுக்கொட்டகைக்குப் போனார். நான் எழுந்து போய் அதை மேலே தள்ளினேன். வரப்பின் அந்தக் கோடியில் கேனின் வளையம் உரசும் சத்தம் கேட்டது. பன்றி என்று நினைத்ததாக நான் சொல்லப் போவதில்லை. பன்றி கேன் தூக்கிக்கொண்டு வராது. கட்டிலுக்குத் திரும்பிப் போர்த்திக்கொண்டேன். சுவிட்சை மறுபடி தொடவில்லை. அவர் ஓடிவந்து தன் கையாலேயே இறக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இறக்கினார்.

போன வாரம் சிறையில் அவரைப் பார்த்தேன். மேல்முறையீட்டுக்கு வக்காலத்தில் கையெழுத்துப் போட மறுக்கிறார். ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனையைக் குறைக்கத்தான் கேட்க முடியும். அதையாவது கேட்கலாம் என்றேன். "வேணாம் சார். செஞ்சதுக்கு இருந்துட்டு வர்றன். எனக்காக நீங்க ரொம்ப அலைஞ்சிட்டீங்க" என்கிறார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரோஜம்மாள் உங்கள் பேச்சைக் கேட்பார். அவர் மூலம் திம்மராயனிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கித் தாருங்கள். திம்மராயன் நிரபராதி. அதை என்னளவு நன்றாக அறிந்த வக்கீல் அவருக்கு வேறெங்கும் கிடைக்க மாட்டார்.