முன் சக்கரத்துச் சத்தம்

பிரேக் கீச்சிட்டால் வண்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பவர்கள்தான் அதிகம், ஐயா. பெரும்பாலும் அப்படி இல்லை. பிரேக் நன்றாகவே பிடிக்கும், கூடவே கத்தும், அவ்வளவுதான். என் பிக்கப் வண்டியும் அப்படித்தான். நான் அதில் கடைகளுக்கு டைல்ஸும் சிமெண்டும் ஏற்றிப் போகிறவன். லோடு இருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வீடு திரும்பும்போது, எங்கள் தெருமுனை வேகத்தடையில் பிரேக்கை மிதித்ததும் ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு கீச்சல் வரும்.

சத்தம் எனக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். நான் வரும்போது மனைவி சமையலறையில் இருப்பாள், மகள் புத்தகமும் கையுமாக இருப்பாள், டிவி அணைந்திருக்கும். வீடுன்னா அப்படி இருக்கணும் என்று அக்கம்பக்கத்தில் எங்களை உதாரணம் காட்டுவார்கள். நான் கை நீட்டுகிறவன் இல்லை. நீட்ட வேண்டி வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனைவியின் மணிக்கட்டு எலும்புகூட நன்றாகவே கூடிவிட்டது. குடம் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் டிவியின் பின்பக்கத்தைத் தொட்டால் சூடாக இருக்கும். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றி ஓய்ந்துகொண்டிருக்கும். வேறு ஏதாவது நினைத்துவிடாதீர்கள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அம்மாவும் மகளுமாகச் சந்தோஷமாக இருந்துவிட்டு, நான் வருவதற்குள் அதை அவசர அவசரமாக எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். அந்த வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவன் நான். எனக்கு மட்டும் அதில் பங்கு கிடையாதா? வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன், ஐயா. சொல்ல வெட்கமில்லை.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரன். இந்த ஒரு சத்தம் மட்டும் அவன் கைக்கு அடங்கவில்லை. தூசி என்றான், பிரேக் பேட் மட்டமான சரக்கு என்றான். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் அமைதி, பிறகு மறுபடியும் கீச்சல். தன் கையே தனக்கு உதவி என்று ஒரு நாள் சிமெண்டுக் கிடங்கின் பின்னால் நானே ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் பேட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய மெல்லிய தகடு இல்லை. அது இல்லாவிட்டால் பேட் அதிரும், அதிர்ந்தால் கத்தும். மறுபக்கம் கழற்றினேன், அங்கும் இல்லை. ஒரு பக்கம் என்றால் மறதி என்று விட்டுவிடலாம். நேரே ஒர்க்ஷாப்புக்குப் போய்க் கேட்டேன்.

ஸ்பானர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. அண்ணிதான் சத்தம் இருக்கட்டும்னு சொன்னாங்க. முனையிலயே கேட்டுட்டா, நீங்க உள்ள வர்றதுக்குள்ள சாப்பாட்டைச் சூடு பண்ணி வெச்சிருவாங்களாம். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சும்மாவா சொன்னாங்க? குடுத்து வெச்சவருண்ணே நீங்க."

தகடுகளைப் பத்திரமாக வைத்திருந்தான், எடுத்துக் கொடுத்தான். நானும் சிரித்தேன். சாப்பாடு சூடாகத்தான் இருக்கும், அது பொய்யில்லை. ஆனால் அவள் எதற்காக அந்தச் சத்தத்தைக் காவலுக்கு வைத்திருந்தாள் என்பது கிடங்குக்குத் திரும்புகிற வழியில் எனக்குப் புரிந்துவிட்டது.

வேலையை முறையாகத்தான் செய்தேன். பேட்டின் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது, உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன். ஓரங்களை அரத்தால் சாய்வாக ராவினேன். தகடுகளை வைத்தேன். பேட்டின் முதுகில் சூடு தாங்கும் கிரீஸ் தடவினேன். முகத்தில் ஒரு பொட்டுப் பட்டாலும் பிரேக் பிடிக்காது, அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவினேன். பிறகு காலி ரோட்டில் போய் மிதித்து மிதித்துப் பழக்கினேன். ஒரு முனகல்கூட இல்லை.

அன்று சாயங்காலம் வேகத்தடையில் ஏறி இறங்கி வீட்டு வாசலைத் தாண்டி வண்டியை நிறுத்தினேன். என்ஜின் சத்தம் தெருவில் போகிற எல்லா வண்டிக்கும் ஒன்றுதான், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். மகள் என் சட்டையை மாட்டிக்கொண்டு, என்னைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடத்தில் விறைப்பாக நடந்து காட்டினாள். மனைவி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. சத்தியமாகக் கோபம் வரவில்லை, ஐயா. வெளியே நின்று நானும் சிரித்தேன். உள்ளே போய் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும், வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நான் கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"வண்டி வரலையா?" என்றாள் மனைவி.

"முனையில நிக்குது," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

மகள் சட்டையைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதம்மா. நான் ஒண்ணும் சொல்லலையே. முதல்லேர்ந்து பண்ணு, அம்மா சிரிக்கட்டும்."

கதவைத் தாழ் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இருட்டும் வரை மகள் செய்து காட்டினாள். அழுதுகொண்டே செய்தால் சிரிப்பு எப்படி வரும்? மனைவியும் முயற்சி செய்தாள், குறை சொல்ல முடியாது. வாய்தான் சிரித்தது. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை, எனக்காக, அந்த மாதிரி சிரி என்று கெஞ்சினேன். அவளுக்கு வரவில்லை.

மறுநாள் காலை நான் லோடுக்குக் கிளம்பியதும் இருவரும் பையோடு வீட்டைவிட்டு இறங்கினார்கள். நான் லோடுக்குப் போகவில்லை, பக்கத்துத் தெருவில்தான் நின்றிருந்தேன். ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விடலாம் என்றுதான் பின்னால் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும் சரிவில் ஓரமாக நடந்தார்கள். மனைவி அடிக்கடி தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் கேட்கவில்லையென்றால் நான் இல்லை என்று நம்பினாள், பாவம். நான் பிரேக்கில் லேசாகக் கால் வைத்தபடியே இறங்கினேன். அப்போது மகள் ஏதோ சொன்னாள். மனைவி சிரித்தாள். நான் கெஞ்சியும் கிடைக்காத அதே சிரிப்பு, நடுரோட்டில், யாரோ எவரோ கேட்க.

பிரேக் பிடிக்கவில்லை என்று நீங்கள் ஏட்டையாவை எழுதச் சொன்னது காதில் விழுந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் ஸ்பானரை உட்கார வைத்திருக்கிறீர்கள், அவன் குனிந்து அழுதுகொண்டிருக்கிறான். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. அதன் மேல் இருந்த காலை நான்தான் எடுத்து, பக்கத்துப் பெடலில் வைத்து அழுத்தினேன். மனைவி அங்கேயே போய்விட்டாள். சிரித்த முகமாகவே போனாள் என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல்.

மகள் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னாராம். கண் விழித்ததும் அப்பாவைத்தான் தேடுவாள், அவளுக்கு இனி வேறு யார் இருக்கிறார்கள்? அவள் படுத்திருக்கும் அறைக்கு என்னை ஒரே ஒரு தடவை கூட்டிப்போங்கள், ஐயா. பயப்பட மாட்டாள். நான் சத்தமே இல்லாமல்தான் உள்ளே போவேன்.