தபாலுக்கு முன்னால் போகிறவர்

பெருந்துறை பேருந்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர் பேச்சைக் கேட்க இதைவிடக் கௌரவமான வழி எனக்குத் தெரியாது. முன் சீட்டில் இருந்த சோமனூர் விசைத்தறிக்காரர், பக்கத்திலிருந்த உக்கடத்து ஜவுளி வியாபாரியிடம் சொன்னார்:

“தபாலாபீசை இழுத்து மூடோணும்னு நேத்து வரைக்கும் சொன்னவனுங்க நான். இன்னிக்கு அது மெதுவாப் போனாத்தான் எம் பொண்ணு கல்யாணம் நடக்குமுங்க பாய்.”

“ஏனுங்க, என்ன ஆச்சு?”

“மாப்பிள்ளை ஊட்டுப் பத்திரிகையில எங்கண்ணன் பேரை உட்டுப்போட்டாங்க. சம்பந்தமே வேண்டாம்னு கோவத்துல காயிதம் போட்டுட்டேன். அப்பறம் பாத்தா அச்சாபீஸ்காரன் பண்ணின தப்புங்க.”

“கூரியர்ல போடலியே?”

“பையன் சொன்னான். அத்தனை காசு எதுக்குன்னு நாந்தான் ஸ்டாம்பு ஒட்டினனுங்க.”

“கருமித்தனம் காப்பாத்திருச்சுன்னு சொல்லுங்க. போன்ல சொல்லிப்போடலாமில்ல?”

“அப்படியொரு காயிதம் எழுதினேன்னு எந்த வாயில சொல்றதுங்க? சும்மா பாக்க வந்தேன்னு அவங்க ஊட்ல உக்காந்துக்குவேன். தபால்காரரைக் கண்டதும் ஓடிப்போயி வாங்கிக்குவேன்.”

“இன்னிக்கு வரலைன்னா?”

“நாளைக்கும் இருப்பனுங்க.”

“நாளைக்கும் வரலைன்னா?”

விசைத்தறிக்காரர் மடியிலிருந்த பையைத் தட்டினார்.

“நாலு வேட்டி எடுத்துட்டு வந்திருக்கனுங்க.”