நாற்றுப் பாட்டுக்கு வந்த நோட்டீசு

அவைத் தலைவர் கோவர்த்தனன் அவர்களே, மேடையில் உள்ள பெரியோர்களே, நடவை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நாகலாபுரத்துத் தாய்மார்களே! இரங்கல் தெரிவிக்க அழைத்தீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது!

ஆர்மோனிய வித்வான் நாராயணசாமி மாரடைப்பில் இறந்தார் என்கிறார்கள். பதினோரு வாய்தாவுக்குச் சித்தூர் கோர்ட்டுக்கு அலைந்த மனிதர், பன்னிரண்டாவது வாய்தாவுக்குப் போகும்போது புத்தூர் பஸ் நிலையத்தில் சாய்ந்தார். அதற்குப் பெயர் மாரடைப்பா?

அவர் செய்த குற்றம் என்ன? நான்கு வருஷத்துக்கு முன்பு நம் பெண்களைச் சென்னைக்கு அழைத்துப் போய் நாற்றுப் பாட்டை இசைத்தட்டில் பதிய வைத்தார். கம்பெனிக்காரர்கள் ஒரு பாரத்தை நீட்டினார்கள். 'இயற்றியவர்' என்ற இடத்தை வித்வான் காலியாக விட்டார். ஊரே பாடும் பாட்டுக்கு யார் பெயரை எழுதுவது? அந்த இடத்தில் கம்பெனி தன் ஆள் ஒருவரின் பெயரை எழுதிக்கொண்டது! பிறகு நாற்று நடும் நம் செங்கம்மா, ஊர்க் கோயில் திருவிழாவில் அதே பாட்டை மைக்கில் பாடினார். அனுமதியின்றிப் பாடியது குற்றம் என்று அவருக்கு நோட்டீசு வந்தது, வழக்கும் வந்தது.

"நாத்து நட்டுக்கினே நாங்க பாடினது வாத்தியாரே. அந்த ஆளு என்னைக்கு எங்களோட சேத்துல எறங்கினான்?" என்று என்னிடம் கேட்டார் செங்கம்மா.

"காலியா உட்டது நான்தாம்மா. நானே போயி பேசறேன்" என்றார் அருகில் இருந்த வித்வான்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்ன வாதாடினார் தெரியுமா? பாட்டு தமிழாம். எல்லை முடிவாகி ஊர் ஆந்திராவில் நிற்கிறதாம். ஆகவே அது இந்த ஊர்ப் பாட்டாக இருக்க முடியாதாம்! சர்வேக்காரர் கோடு போட்டால் நம் நாக்கு மாறிவிடுமா?

வித்வான் எழுந்தார். "தட்டுல இருக்கறது நாலு கண்ணிதான் அய்யா. மிச்சம் பதினஞ்சு கண்ணிய அந்த ஆள பாடச் சொல்லுங்க" என்றார். அந்த ஆள் தரையைப் பார்த்தார். கோர்ட்டே சிரித்தது. சிரித்துவிட்டு மறுபடியும் வாய்தா கொடுத்தது!

வித்வான்மீதும் எனக்குக் கோபம் உண்டு. தீர்ப்பு வரும்வரை யாரும் பாடக் கூடாது என்று தடுத்தவர் அவர்தான். சட்டத்தை அவ்வளவு மதித்தார். இரண்டு போகம் நம் பெண்கள் வாய் திறக்காமல் நாற்று நட்டார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் ஒருவர்கூடப் பாடவில்லை.

போதும்! அடுத்த வாய்தாவுக்கு நான் போகிறேன். அதற்கடுத்ததற்கும் போவேன். ஆனால் அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருக்க மாட்டோம். செங்கம்மா, மேடைக்கு வாருங்கள். பத்தொன்பது கண்ணிகளையும் பாடுங்கள். நோட்டீசு அனுப்புகிறவர்கள் இம்முறை எனக்கு அனுப்பட்டும். எழுதிக்கொள்ளுங்கள்: எத்திராஜ், பள்ளி ஆசிரியர், நாகலாபுரம், சித்தூர் ஜில்லா.