கூடவே வந்த கோடு

மாலை ஆறரை மணி. திருநின்றவூர் ஏரிக்கரைச் சாலை. மழைக்கு முன்னால் கவிகிற இருட்டு... லோக்கல் ரயில் போன சத்தம் அடங்கியபின் தவளைகூடக் கத்தவில்லை.

அந்தச் சாலையில்தான் ஹெலினா தனியாக நடந்து போனாள். என் தோழியின் நாத்தனார். அவள் வாயால் சொன்னதைத் தோழி கேட்டு, தோழியிடம் நான் கேட்டது இது. பவ்யா, காலை மடக்கிக்கொள். கரண்ட் வர நேரமாகும்.

ஹெலினாவுக்கு ஒரு தம்பி, யூஜின். பாடியில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிறானால் ஏரியில் தூண்டில். சின்ன ஃபைபர் படகு வைத்திருந்தான். அதில் மீன் இருக்குமிடம் காட்டுகிற ஒரு ஃபிஷ் ஃபைண்டர். படகின் பின்னால் தண்ணீருக்குள் டிரான்ஸ்டியூசர் தொங்கும். கைக்குள் அடங்குகிற கறுப்புக் கட்டி. ஒலியைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைத் திரையில் வரைந்து காட்டும். ஒரு ஞாயிறன்று படகு மட்டும் கரைக்கு வந்தது. ஆள் இல்லை. திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு வீரர்கள் ஏரியில் தேடினார்கள். அதற்குள் பக்கத்துத் தெரு ராஜசேகரன் காவல் நிலையத்துக்குப் போய், "நான் பாத்தேன் சார், பைய தூக்கிகினு ரயிலேறினான்" என்று சொல்லிவிட்டார். தேடுவது நின்றது. பெண்டாட்டியை விட்டு ஓடிப்போய்விட்டான் என்று தெரு முழுக்கப் பேச்சு.

ஓடிப்போயிருந்தால் உயிரோடு இருப்பான். அதை நம்பிவிட ஹெலினாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசையோடு தினமும் சண்டை போட்டாள். நம்பினால் தம்பி கோழையாகிறான். நம்பாவிட்டால் பிணமாகிறான். கடைசியில், பிணமாகவாவது அவனை மானத்தோடு வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தாள். ஏரியில் அவனை அவளே தேடுவாள்.

துடுப்புப் போட செங்கல்வராயன் வந்தார். அந்த ஏரியில் வலை வீசுகிறவர். ஹெலினா திரையை மடியில் வைத்துக்கொண்டாள். தம்பியோடு பலமுறை போனவள், பார்க்கத் தெரியும். படகு நகரும்போது கீழே இருப்பது எதுவானாலும் திரையில் தோன்றி, பின்னுக்கு நகர்ந்து மறைய வேண்டும். மீன் என்றால் சின்ன வளைவு. கட்டை என்றால் மேடு. வரும்... போகும்.

நடு ஏரியில் ஒரு கோடு வந்தது. போகவில்லை. படகு நகர நகர அதுவும் நேராக நீண்டது. படகோடு கூடவே வருகிற ஒன்றுதான் அப்படிக் கோடு போடும்.

"விராலா இருக்கும்க்கா. பொரி போட்டு பழக்கிட்டாங்களோ இன்னாவோ," என்றான் பவ்யா பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்த நிர்மல்.

சிரி, நிர்மல். செங்கல்வராயனும் முதலில் சிரித்தார்.

"பாசி மாட்டிகினு இருக்கும்மா. அத்த தூக்கி கழுவிப் போடு."

டிரான்ஸ்டியூசரைத் தூக்கினாள். பாசி இல்லை. சேற்று வாடை. அதோடு யூஜின் போடுகிற ஷேவிங் லோஷன் வாடை. மறுபடி தண்ணீரில் இறக்கினாள். தரையோடு ஒட்டிக் கிடந்த கோடு, இப்போது பாதி ஆழத்துக்கு ஏறியிருந்தது.

அப்புறம்... அவள் பாதத்துக்கு நேர் கீழே, படகின் அடியில்... டொக். டொக். விரலை மடக்கிக் கதவைத் தட்டுகிற மாதிரி.

"யம்மா, வோணாம்மா! வேகமா வலிச்சி கரை ஏறிடலாம்!"

"மெதுவா வலி அண்ணாத்தே," என்றாள் ஹெலினா. "அவனுக்கு நீச்சல் சரியா வராது."

பயமாக இல்லையா என்று என் தோழி கேட்டிருக்கிறாள். "இருந்துச்சி. ஆனா நான் மட்டும் இன்னாத்துக்கு பயப்படணும்?" என்றாளாம்.

கரையோரம் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். படகுக்கும் தரைக்கும் நடுவே ஓர் ஆள் இருக்க இடமில்லை. கோடு இருந்தது. படகு படியில் முட்டியதும் செங்கல்வராயன் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினார். ஹெலினா கால் நனையாமல் படியில் இறங்கினாள். பேட்டரியையும் திரையையும் ஒரு பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். டிரான்ஸ்டியூசர் வயரோடு வெளியே தொங்கியது. தண்ணீரை விட்டு எடுத்தால் திரையில் வெறும் புள்ளிகள்தான் சிதற வேண்டும்.

கோடு... அப்படியே.

"வாடா," என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் வருகிற வேகத்துக்கு நடந்தாள். தன் வீட்டைத் தாண்டினாள். ராஜசேகரன் வீட்டுக்குப் போய் பெல் அடித்தாள்.

உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அவரே வந்து கதவைத் திறந்தார்.

"ஸ்டேஷன்ல சொன்னத இன்னொரு தபா சொல்லு சார். இங்கயே, இப்பவே சொல்லு. எவன் ஓடிப்போனான்?"

ராஜசேகரன் அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அவர் ஹெலினாவைப் பார்க்கவே இல்லை. மெல்லப் பின்னால் போனார். கொடியில் கிடந்த துண்டை உருவினார். ஹெலினாவின் தோளுக்கு மேலாக நீட்டினார்.

மழை இன்னும் தொடங்கவில்லை. அவள் மேல் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"தலய தொவட்டிக்கோப்பா," என்றார்.