பாலம் தாண்டினால் கொதிக்கும்

— மூடியைத் தொடாதே. அக்கா, சொன்னா கேளு, ரேடியேட்டர் மூடியைத் தொடாதே. திறந்தேன்னா கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும்.

— தொடல. பானெட்டை மட்டும் தூக்கி வச்சிருக்கேன். ரெண்டு கையும் வேணும்னு போனை ஸ்பீக்கர்ல போட்டு மட்கார்டு மேல வச்சிருக்கேன். கத்தாம பேசு.

— இஞ்சினை அணைச்சிட்டியா?

— அணைக்கல. சூட்டோட அணைச்சா இன்னும் ஏறும்னு நீதானே சொல்லுவே. ஃபேன் சுத்துது. முள்ளு சிவப்புல இருந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்குது.

— நல்லது. எங்க நிக்கிறே? கடைத்தெருவுலதானே?

— இல்ல.

— லாரிச் சத்தமா கேக்குதே.

— பாலத்தைத் தாண்டி, பைபாஸ் ஓரத்துல ஒரு மரத்தடியில நிக்கிறேன்.

— பாலத்தைத் தாண்டியா? அங்க உனக்கு என்ன வேலை?

— வேலைதான். நிஜமாவே வேலை. அந்தப் பெரிய ஆஸ்பத்திரி லேப்ல என்னை எடுத்துட்டாங்க. இன்னிக்கு ஆபீஸ் மூடுறதுக்குள்ள நேர்ல போய்ச் சேரணும். போகலன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. குவார்ட்டர்ஸ் சாவியும் இன்னிக்குத்தான் தராங்க.

— குவார்ட்டர்ஸா? அப்ப அங்கேயே தங்கப் போறியா?

— பின்ன, சாவியை வாங்கி மாலையா போட்டுக்கவா?

— விளையாடாதக்கா. அப்பாவைத் தனியா விட்டுட்டா கிளம்பினே?

— தனியா விடல.

— பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட சொல்லிட்டு வந்தியா?

— டேய், முதல்ல வண்டிக்கு ஒரு வழி சொல்லு. அப்பா பேச்சு அப்புறம்.

— இதுக்கு என்ன வழி இருக்கு? அப்பா வாங்கினப்பவே அது பழைய வண்டி. பந்தயத்துல ஓட்டின வண்டிதான், இல்லேங்கல. ஆனா அதுக்கும் வயசாச்சில்ல? இங்க பாரு, மெதுவா திருப்பிக்கிட்டு வா. நாப்பதைத் தாண்டாம வந்தா ஒண்ணும் ஆகாது. பத்திரமா வீடு வந்து சேர்ந்துடலாம்.

— திரும்பி வந்தா ஒண்ணும் ஆகாது. முன்னாடி போனாத்தான் கொதிக்கும். அப்படித்தானே?

— நான் அப்படியா சொன்னேன்?

— வேற எப்படிச் சொன்னே? முன்னெல்லாம் இது சிக்னல்ல நின்னாலே கொதிக்கும். நீ அலுமினிய ரேடியேட்டர் போட்டே. தண்ணி பம்பு மாத்தினே. இஞ்சினோட சுத்தற பழைய ஃபேனைக் கழட்டிட்டு கரண்ட் ஃபேன் மாட்டினே. இனிமே நெருப்புக்குள்ள ஓட்டினாலும் கொதிக்காதுன்னு மார்தட்டினே.

— கொதிச்சுதா? சொல்லு. ஊருக்குள்ள ஒரு தடவையாவது கொதிச்சுதா?

— இல்ல. ஊருக்குள்ள பூனை மாதிரி போகுது. பாலத்தைத் தாண்டி வேகம் எடுத்தா மட்டும் முள்ளு எகிறுது. இது மூணாவது தடவை.

— மூணாவதா? எப்பவோ ஒரு தடவைதானே சொன்னே?

— உன்கிட்ட சொன்னது ஒண்ணு. அது இதே ஆஸ்பத்திரியில முதல் இன்டர்வியூ. பாதி வழியில கொதிச்சு, திரும்பிட்டேன். அப்புறம் அவங்களே போன்ல பேசித்தான் எடுத்தாங்க. இன்னொண்ணை நான் யார்கிட்டயும் சொல்லல.

— எங்க போனே?

— கண்ணாடிக் கடைக்காரரைப் பாக்க.

— எந்தக் கண்ணாடிக் கடை? ஓ, அவரா? அவர்தான் கடையை எடுத்துக்கிட்டு வெளியூர் போயிட்டாரே.

— போயிட்டுத்தான் கூப்பிட்டார். ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போ, கல்யாணத்தை நேர்ல பேசி முடிவு பண்ணலாம்னு. இதே மரத்தடியில நின்னுட்டுத் திரும்பிட்டேன். கார் கொதிச்சதால வரலன்னு சொன்னா அவர் நம்புவாரா? எனக்கே ஏதோ சாக்கு மாதிரி இருந்துச்சு. போனை எடுக்கவே இல்ல. அவர் சாயங்காலம் வரைக்கும் கடை வாசல்ல நின்னாராம். இப்ப அவருக்கு ஒரு குழந்தை இருக்கு.

— பஸ்ல போயிருக்கலாமேக்கா.

— பஸ்ல போனா ராத்திரிதான் திரும்ப முடியும். அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறது யாரு, நீயா? அப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நான் போகக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு போலன்னு. காருக்கு இருக்கற புத்தி எனக்கு இல்லையேன்னு அழுதுக்கிட்டே ஓட்டிட்டு வந்தேன்.

— எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா இதெல்லாம் எனக்குத் தெரியாது.

— உன் குரல் ஏன் இப்படி ஆயிடுச்சு?

— ஒண்ணுமில்ல. பட்டறையில ஒரே புகை.

— இரு, முள்ளு நடுவுக்கு வந்துடுச்சு. நின்னா இறங்குது. ஓடினா ஏறுது. ஓடினா காத்து பட்டு வண்டி குளிரணும்னு நீதானே ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பே?

— அது வேற வண்டிக்கு.

— காத்து எல்லா வண்டிக்கும் ஒரே காத்துதான். நீ ஃபேன் மாட்டினா முன்னாடி ஒரு காகிதத்தை வச்சுப் பாப்பியே, எதுக்கு?

— அது சும்மா. பழக்கம்.

— சும்மா இல்ல. ஃபேன் காத்தை உள்ள இழுக்கும், காகிதம் கிரில்ல ஒட்டிக்கும். ஒட்டலன்னா கூலியே வாங்க மாட்டேன்பே. இந்த வண்டிக்கு மட்டும் நீ வச்சுப் பாத்து நான் பாக்கவே இல்ல.

— அக்கா, ஃபேன்கிட்ட கையைக் கொண்டு போகாதே. நான் ஆளை அனுப்பறேன், நீ அப்படியே இரு.

— கை இல்ல, கைக்குட்டை. கிரில்லுக்கு வெளியதான் பிடிக்கிறேன்.

— வேண்டாம்னு சொல்றேன்ல?

— ஒட்டல.

— அக்கா.

— ஒட்டலடா. காத்து வெளிய வருது. என் கைக்குட்டையைத் தள்ளி ரோட்டுல போட்டுடுச்சு. ஃபேன் தலைகீழா சுத்துது. நான் வேகமா போனா எதிர்க்காத்து உள்ள வரப் பாக்கும், இது அதை வெளிய தள்ளும். அதான் கொதிக்குது. அப்படித்தானே?

— ம்.

— என்ன ம்? ஒயரை மாத்திக் கொடுத்துட்டியா? தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, விட்டுடறேன். தப்பு யாருக்கும் வரும்.

— எனக்கு வராது.

— என்னது?

— இத்தனை வருஷத்துல நான் ஒரு ஒயரைக் கூட மாத்திக் கொடுத்ததில்லக்கா.

— அப்ப தெரிஞ்சே பண்ணியிருக்கே.

— ஆமா.

— ஊருக்குள்ள ஓடணும். ஊரைத் தாண்டக் கூடாது.

— ஆமா.

— உன் பொண்டாட்டி சொன்னாளா?

— அவளை இதுல இழுக்காதே. அவளுக்கு எதுவும் தெரியாது. நான்தான்.

— ஏன்டா?

— நீ போயிட்டா அப்பாவை நான் பாத்துக்கணும். என்னால முடியாது. காலையில பட்டறையைத் திறந்தா எப்ப வீட்டுக்குப் போவேன்னு எனக்கே தெரியாது. அதான். வேற காரணம் இல்ல.

— மனப்பாடம் பண்ணினவன் மாதிரி ஒப்பிக்கிறே.

— உண்மை அதுதான். திட்டறதுன்னா திட்டிக்கோ.

— திட்டவா? பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன்டா. உன்னைத் தூக்கி வளர்த்த கை இது. ஒருத்தர் அங்க வாசல்ல காத்துக்கிட்டு நின்னார். நான் இங்க வண்டிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நின்னேன். நீ பட்டறையில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்திருப்பே.

— மன்னிச்சிடுக்கா.

— அழாதே. எனக்கு நேரமில்ல. எப்படி மாத்தறதுன்னு சொல்லு.

— சொன்னா போயிடுவே.

— போகத்தான் கேக்கறேன்.

— சரி. முதல்ல இஞ்சினை அணை. சாவியை எடுத்துக் கையில வச்சுக்கோ. ஃபேன் நின்னுடுச்சா?

— நின்னுடுச்சு.

— ஃபேனுக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு பிளாஸ்டிக் சொருகி இருக்கும். இழுத்தா வந்துடும். அதுல ஒரு கறுப்பு ஒயர், ஒரு நீல ஒயர். ரெண்டையும் தனித்தனியா உருவிட்டு, இடம் மாத்திச் சொருகு. சூடா இருக்கும், புடவைத் தலைப்பால பிடிச்சுக்கோ.

— இவ்வளவுதானா?

— இவ்வளவுதான்.

— இந்த ரெண்டு ஒயருக்கா நான் ரெண்டு தடவை திரும்பினேன்? சரி, விடு. சொருகிட்டேன். போட்டுப் பாக்கறேன்.

— கைக்குட்டையை வச்சுப் பாரு.

— ஒட்டிக்குச்சு.

— நல்லா இறுக்கமா ஒட்டுதா?

— பசை போட்ட மாதிரி ஒட்டுது.

— அப்ப கிளம்பு. எண்பது, நூறுன்னு போனாலும் முள்ளு நடுவைத் தாண்டாது. அக்கா, நான் இப்பவே பட்டறையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போறேன். அப்பாவுக்கு என்னென்ன மருந்துன்னு மட்டும் சொல்லு. இனிமே நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியா போ.

— வீட்டுக்குப் போய் யாரைப் பாக்கப் போறே? பூட்டித்தான் கிடக்கு.

— பூட்டியா? அப்பா எங்க?

— இதோ, வண்டியில முன் சீட்டுல உக்காந்திருக்கார். சக்கர நாற்காலியை மடிச்சுப் பின்னாடி கட்டியிருக்கேன். குவார்ட்டர்ஸ் கீழ்த்தளம்தான், படியே கிடையாது. அதைக் கேட்டுக்கிட்டுத்தான் வேலைக்கே ஒத்துக்கிட்டேன். அவரை விட்டுட்டு நான் எங்கடா போவேன்?

— அக்கா, ஸ்பீக்கரை அணை.

— ஏன்? மகன் பண்ணின காரியத்தை அவரும் கேக்கட்டும்.

— அணைன்னு சொல்றேன்ல. அப்பா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். கிளம்புங்க. அக்கா, வண்டியை எடு, நேரமாகுது.

— என்னடா ஆச்சு உனக்கு? அப்பா, ஏம்ப்பா தலையைக் குனிஞ்சுக்கிறீங்க? மூச்சு முட்டுதா?

— அவனைத் திட்டாதம்மா. அவன் மாட்டேன்னுதான் சொன்னான். ஒயரைத் திருப்பிப் போடச் சொன்னது நான். நீ போனா என்னை விட்டுட்டுத்தான் போவேன்னு நெனச்சுட்டேன்.