வரேன் என்று சொல்லிவிட்டு

காலையில் காரைக்கால் போகும் பஸ். போலகத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஆபீஸ் அட்டை தொங்கியது. ஜன்னலோரம் இருந்த இளையவர் திடீரென்று சொன்னார்:

“நேத்து என்னால நாலு பேரு குகை வாசல்லயே நின்னுட்டாங்கக்கா.”

“எந்தக் குகை?”

“போன்ல ஆடுற கேம்ல. பல ஊர்லேர்ந்து ஒண்ணா சேந்து ஆடுவோம். அடிபட்டவங்களுக்கு வைத்தியம் பாக்குறது நான்தான். நான் இல்லாம உள்ள போனா செத்துருவாங்க.”

“யாரு அவங்கள்லாம்?”

“மொகம் பாத்ததில்ல. ஒருத்தருக்கு அங்க அப்ப விடியக்காலமாம்.”

“உனக்கு எதுக்கு இதெல்லாம்?”

“பொண்ணு அப்படி என்னதான் பாக்குறான்னு உள்ள போனேன். அவ அலுத்துப்போய் விட்டுட்டா. நான் மாட்டிக்கிட்டேன்.”

“சரி, ஏன் வாசல்லயே நின்னாங்க?”

“உலை வைக்கணும்னு கெளம்பினேன். வழக்கமா சொல்ற ‘வரேன்’ங்கிறத இங்கிலீஷ்ல ‘கமிங்’னு அடிச்சிட்டேன். வந்துருவேன்னு நெனச்சு நின்னுருக்காங்க.”

அக்கா சிரிக்கவில்லை. யோசித்தார்.

“‘போறேன்’னு அடிக்க வேண்டியதுதானே?”

“அடிச்சு அழிச்சிட்டேன்க்கா. போறேன்னு எப்படிச் சொல்றது?”

“அப்புறம்?”

“அடுப்ப அணைச்சிட்டுத் திரும்பப் போயிட்டேன்.”

பஸ் நின்றது. அக்கா எழுந்தார்.

“சரி, வரேன்.”

“வாங்கக்கா,” என்றவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் போனில் ஒரு குகை வாசல் தெரிந்தது. இன்றைக்கும் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.